பால் ஒத்துக்கொள்ளவில்லையா? கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க

ஒரு டம்ளர் பால் குடித்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும். உள்ளே 'கடமுடா' என்று சத்தம் கேட்கும். தொப்புளைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும். வாயு பிரியும். பிறகு தண்ணீராக வெளிக்குப் போகும். போய்விட்டு வந்தால் பாரம் இறங்கினாற்போல் இருக்கும். மறுநாள் ஒன்றுமே இருக்காது.

இப்படி உங்கள் வீட்டில் யாருக்காவது உண்டா? உண்டென்றால் இந்த ஏட்டைத் தம்பதியர் இருவருமாகச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மற்றவர் படித்துக் காட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களும் கேட்கட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கீழே வரும் சம்பவத்தைப் படித்தால் விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒன்றியத்தில் நடந்தது இது. கல்யாணமாகி எட்டு மாதமான பையன், கொத்தனார் வேலை. அவன் வீட்டில் மாடு கிடையாது. காலையில் நீராகாரம், மாலையில் கடுங்காப்பி. பால் என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். பெண் வீட்டிலோ இரண்டு எருமை. மாப்பிள்ளை வந்தால் சும்மா விடுவார்களா? ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, சுண்டக் காய்ச்சிய எருமைப்பாலில் பனங்கற்கண்டு போட்டு, சொம்பு நிறையக் கொண்டு வந்து வைப்பார் மாமியார். மரியாதைக்காக இவனும் மிச்சம் வைக்காமல் குடித்துவிடுவான். விடிவதற்குள் நாலு தடவை வயலுக்கு ஓட்டம்.

முதல் தடவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை வந்து படுத்தபோது பையனின் தாயார் சொல்லிவிட்டார்: "அவங்க வீட்டுல உனக்கு ஏதோ மருந்து வச்சுட்டாங்கடா. பொண்டாட்டி பேச்சைக் கேட்கணும்னு வச்சிருக்காங்க." அவ்வளவுதான். பக்கத்து ஊரில் 'மருந்து எடுக்கிற' ஆள் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். அவரும் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, முடிச்சுருள் மாதிரி ஒன்றைத் துப்பிக் காட்டினார். "இதோ பார், இதுதான் வச்சிருந்தாங்க" என்றார். அந்தப் பெண்ணைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அப்போது அவளுக்கு மூன்று மாதம்.

கர்ப்பிணிகள் பதிவேட்டைச் சரிபார்க்கப் போன எங்கள் கிராம சுகாதார செவிலியர், பெண் வீட்டில் இல்லையென்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் வந்து என்னிடம் சொன்னார். முதலில் பையனை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்டினோம். காய்ச்சல் இல்லை, மலத்தில் இரத்தம் இல்லை, எடை குறையவில்லை, ஆள் திடகாத்திரம். பிறகு நான் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அங்கே எல்லாரும் சாப்பிட்டதில் நீ மட்டும் தனியாகச் சாப்பிட்டது என்ன?" சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் எல்லாருக்கும் ஒரே சட்டி. "பால் மட்டும்தான் சார் எனக்குன்னு தனியா" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போனேன். அந்தத் தாயாரையே சங்கத்துக்கு அனுப்பி, அவர் கையாலேயே அரை லிட்டர் பால் வாங்கி, அவர் அடுப்பிலேயே காய்ச்சி, அவர் கையாலேயே மகனுக்குக் கொடுக்கச் சொன்னேன். வேறு யாரும் தொடவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். வயிறு உப்பி, பையன் எழுந்து ஓடினான். அந்த அம்மாள் காலி சொம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. மறு வாரம் போய் மருமகளை அழைத்து வந்துவிட்டார்கள். குழலை வைத்து உறிஞ்சியவருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

பாலில் அப்படி என்ன இருக்கிறது?

சர்க்கரை போடாத பாலையும் நாக்கில் வைத்துப் பாருங்கள், லேசாக இனிக்கும். பாலிலேயே ஒரு சர்க்கரை இருக்கிறது. அதற்கு லாக்டோஸ் என்று பெயர். பால் சர்க்கரை என்று சொல்லலாம். 200 மில்லி பிடிக்கும் ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 10 கிராம் பால் சர்க்கரை உண்டு.

இது இரண்டு மணிகளைச் சேர்த்துக் கட்டினாற்போன்ற சர்க்கரை. கட்டை அவிழ்த்தால்தான் குடல் இதை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்க முடியும். கட்டை அவிழ்க்கும் வேலையைச் செய்வது சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற நொதி. அது போதுமான அளவு இருப்பவருக்குப் பால் சுகமாகச் செரிக்கும். குறைவாக இருப்பவருக்குப் பால் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிவிடும்.

அங்கே கோடிக்கணக்கான நுண்கிருமிகள் வாழ்கின்றன. கெடுதல் செய்பவை என்று பயப்பட வேண்டாம், எல்லார் குடலிலும் உள்ளவைதான். சர்க்கரை வந்து விழுந்தால் அவை அதைப் புளிக்க வைக்கும். ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி வழிகிறதே, அதே காரியம்தான் வயிற்றுக்குள் நடக்கிறது. அதனால்தான் காற்று, உப்புசம், சத்தம். இன்னொன்றும் நடக்கும். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறது அல்லவா? அதுபோலச் செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். அதனால்தான் பேதி.

ஆகவே இது விஷமும் அல்ல, மருந்து வைத்ததும் அல்ல. ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. குடலில் புண்ணும் வராது. அன்றைய அவஸ்தை அன்றோடு சரி.

சின்ன வயதில் குடித்தேனே, இப்போது ஏன்?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. பிறந்த குழந்தைக்குப் பால்தான் உணவு. அதனால் லாக்டேஸ் நிறையச் சுரக்கும். பால்குடி மறந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். கன்றுக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும்கூட இப்படித்தான். உலகத்து மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வளர்ந்த பிறகு இந்த நொதி குறைந்துவிடுகிறது. பல தலைமுறைகளாக மாடு மேய்த்துப் பாலையே குடித்து வாழ்ந்த சில கூட்டத்தாருக்குத்தான், குறிப்பாக ஐரோப்பாவின் வடபகுதி மக்களுக்கு, அது ஆயுள் முழுக்கக் குறையாமல் இருக்கிறது. அதற்குக் காரணமான மரபு மாற்றத்தைப் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நம் நாட்டின் வடமேற்குப் பக்கத்து மக்களிலும் அதே மாற்றம் காணப்படுகிறது.

நம் பக்கம்? 1981-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், சோதித்துப் பார்த்த தென்னிந்தியர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பால் சர்க்கரை செரிக்கவில்லை என்று தெரிந்தது. வட இந்தியர்களில் அது நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு. ஆக, நம் ஊரில் பால் ஒத்துக்கொள்ளாதவர் அபூர்வப் பிறவி அல்ல. அவர்தான் பெரும்பான்மை.

மேல்நாட்டு டாக்டர்களுக்கே இது புரிய நாளாயிற்று. அவர்கள் நாட்டில் எல்லாரும் பால் குடிப்பதால், குடிக்க முடியாதது ஒரு நோய் என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் 1965, 1966-ம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள்தான் அந்த எண்ணத்தை மாற்றின. எங்களைப் போன்றவர்களும் 'பால் சம்பூரண உணவு, எல்லாரும் தினம் இரண்டு டம்ளர் குடிக்க வேண்டும்' என்று ஊர் ஊராகப் பேசியவர்கள்தாம். பாலைக் குறை சொல்லவில்லை. ஆனால் "எனக்கு ஒத்துக்கலை" என்று ஒருவர் சொன்னால் அது வீம்பு என்று நினைத்தோமே, அது எங்கள் தப்பு.

டீ குடித்தால் ஒன்றும் செய்யவில்லையே?

இதுதான் விஷயத்தின் சூட்சுமம். எவ்வளவு பால் என்பதைப் பொறுத்தது எல்லாம். டீக்கடை டம்ளரில் இருப்பது பெரும்பாலும் 50 மில்லி பாலுக்கு மேல் இராது. அதில் பால் சர்க்கரை இரண்டரை கிராம்தான். நொதி குறைந்தவருக்கும் கொஞ்சமாவது நொதி இருக்கும்; அது இதைச் சமாளித்துவிடும். பெரும்பாலோர் ஒரே தடவையில் 12 கிராம் வரைகூடப் பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குகிறார்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் பால் மெதுவாகக் குடலில் இறங்கும். அப்போது இன்னும் நன்றாகத் தாங்கும். வெறும் வயிற்றில் ஒரு சொம்பை ஒரே மூச்சில் குடிப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

எனவே பாலை அடியோடு விட வேண்டியதில்லை. அளவு தெரிந்தால் போதும்.

தயிரும் மோரும் நமக்கு வரப்பிரசாதம். உறை குத்தியதும் அந்தக் கிருமிகள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பதைச் செரிப்பதற்கும் அவையே குடலில் கை கொடுக்கும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர்ச் சோறு ஒன்றும் செய்யாததற்கு இதுதான் காரணம். நீர்மோரில் தயிரே கொஞ்சம்தான், சர்க்கரையும் கொஞ்சம்தான். நெய்யில் அது அநேகமாக இல்லவே இல்லை. திரிந்த பாலிலிருந்து எடுக்கும் பன்னீரில், தண்ணீரோடு பெரும்பகுதி போய்விடுவதால், குறைவு.

பால்கோவாவைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். ஒரு லிட்டர் பாலைக் கால் லிட்டருக்கும் கீழே சுண்டவைத்தால் தண்ணீர்தான் போகும், பால் சர்க்கரை முழுக்க அப்படியே நிற்கும். பால்பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பால் சர்க்கரைதான். பால் பாயசம், ஐஸ்கிரீம் இவையும் அந்த வகையே. கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்து 'அங்கே எண்ணெய் சரியில்லை' என்று சொல்கிறவர்களில் சிலருக்கு உண்மையில் ஆகாதது கடைசியில் குடித்த பாயசம்.

சிலர் செய்து பார்க்கும் வைத்தியங்களையும் சொல்லிவிடுகிறேன். பாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் பால் சர்க்கரை போகாது. தண்ணீர் கலந்தாலும் போகாது. அதே பாலை அதிகத் தண்ணீரோடு குடிக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆட்டுப்பாலிலும் நாட்டு மாட்டுப் பாலிலும் ஏறத்தாழ அதே அளவு உண்டு. மஞ்சள், மிளகு, சுக்கு போட்டுக் குடிப்பது ருசிக்கு நல்லது, இதற்கு மருந்தாகாது. பட்டணத்துக் கடைகளில் லாக்டோஸ் நீக்கிய பாலும், நொதி மாத்திரையும் விற்கிறார்கள். அவை வேலை செய்யும். ஆனால் விலை அதிகம். மோர் இருக்கிற வீட்டுக்கு அது அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு வாரம் பால், பால் போட்ட டீ காப்பி, பால் இனிப்பு எதுவும் வேண்டாம். கடுங்காப்பி குடியுங்கள். வயிறு அமைதியாகிவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஒரு நாள் ஒரு டம்ளர் பால் குடித்துப் பாருங்கள். பழைய தொந்தரவு அப்படியே திரும்பி வந்தால், காரணம் பால்தான். எந்த நாளில் என்ன சாப்பிட்டோம், வயிறு எப்படி இருந்தது என்று பிள்ளையின் பழைய நோட்டில் மனைவியோ கணவனோ எழுதி வையுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் மூச்சுக்காற்றைச் சோதித்துச் சொல்லும் முறையும் உண்டு. எல்லாருக்கும் அது தேவைப்படாது.

காரணம் தெரிந்த பிறகு, சாப்பாடு முடிந்த கையோடு கால் டம்ளர் பாலில் ஆரம்பியுங்கள். நாலைந்து நாள் ஒன்றும் செய்யாவிட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். எந்த அளவில் வயிறு சத்தம் போடுகிறதோ அதற்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவு. தினமும் சிறிதளவு குடித்து வந்தால் பெருங்குடலிலுள்ள கிருமிகளும் பழகிக்கொள்ளும், தொந்தரவு குறையும்.

கடும் பேதி அல்லது குடல் காய்ச்சல் வந்து தேறியவருக்குச் சில வாரங்கள் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடல் சுவர் ஆறியதும் அது தானே சரியாகும்.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும்

நான் அதிகம் கவலைப்படுவது இவர்களைப் பற்றித்தான். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்ததும் மாமியார் தினம் இரண்டு டம்ளர் பால் கொடுப்பார். அன்புதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்? சொல்லப் பயந்து குடித்துவிட்டுக் கழிகிறவளும் உண்டு, கொல்லையில் கொட்டிவிட்டுக் காலி டம்ளரைக் காட்டுகிறவளும் உண்டு. முதலாமவள் இளைத்துப் போவாள். இரண்டாமவளுக்குச் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்தும் கிடைக்காது. வீட்டில் எல்லாரும் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இந்த இடத்தில் கணவன் வாயைத் திறக்க வேண்டும். "அம்மா, இவளுக்குப் பால் வேண்டாம், தயிரா கொடு" என்று அவன் சொன்னால் வீட்டில் சண்டை வராது. அவள் சொன்னால் வரலாம்.

வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. கர்ப்பிணிக்கும் அதே அளவு, பாலூட்டும் தாய்க்கு 1,200. ஒரு டம்ளர் பாலில் கிடைப்பது சுமார் 240. அதே அளவு பாலைத் தோய்த்த தயிரிலும் இது குறையாது. 100 கிராம் கேழ்வரகில் 300-க்கு மேல் இருக்கிறது. கூழாகவோ களியாகவோ அடையாகவோ தினம் ஒரு வேளை வைத்துக்கொள்ளலாம். கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் குடிக்கும் நம் வழக்கத்தை 'ஏழைச் சாப்பாடு' என்று விட்டுவிட்டவர்கள் நஷ்டப்பட்டவர்கள். எள்ளில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். எள்ளுப் பொடி, எள்ளுருண்டை செய்து வையுங்கள். முருங்கைக் கீரை, அகத்திக் கீரை இரண்டும் வேலியோரத்திலேயே கிடைக்கின்றன. மீன் சாப்பிடுகிறவர்கள் நெத்திலி போன்ற சிறு மீனை முள்ளோடு சாப்பிட்டால் நல்லது.

கர்ப்பத்தின் 14-வது வாரத்திலிருந்து, பிரசவமாகி ஆறு மாதம் வரை, தினம் இரண்டு சுண்ணாம்புச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். இதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பார்கள். சாப்பாட்டோடு ஒன்றாக, இரண்டு வேளை. இரும்புச் சத்து மாத்திரையை இதோடு சேர்த்து விழுங்க வேண்டாம். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது.

தாய்க்குப் பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலில் மாட்டுப்பாலைவிடப் பால் சர்க்கரை அதிகம், அது குழந்தைக்காகவே அமைந்தது. அதைச் செரிக்கும் நொதி குழந்தைக்கு நிறைய உண்டு. பிறவியிலேயே இல்லாத குழந்தை மிக மிக அபூர்வம். தாய் பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தாய்ப்பாலிலுள்ள சர்க்கரை மாறாது. குழந்தைக்குப் பேதியானாலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே செவிலியரிடம் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம். பல மாத்திரைகளில் உருவம் கொடுப்பதற்காகப் பால் சர்க்கரை சேர்க்கிறார்கள். கருத்தடை மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கும். இதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாத்திரையில் இருப்பது ஒரு வாய் டீயில் இருப்பதைவிடக் குறைவு. பால் குடித்து ஓரிரு தடவை வெளிக்குப் போவதால் மாத்திரையின் பலனும் போய்விடாது. ஆனால் எந்தக் காரணத்தாலாவது இரண்டு நாளுக்கு மேல் கடும் பேதியோ வாந்தியோ இருந்தால், மாத்திரை உடம்பில் சேர்ந்திருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். செவிலியரைக் கேட்கும்வரை நிரோத் உபயோகியுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எல்லா வயிற்று உபத்திரவத்தையும் பால் தலையில் போட்டுவிடக் கூடாது. மலத்தில் இரத்தம், சளி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி பால் குடிக்காத நாட்களிலும் வருதல், விடாத வாந்தி, சோகை பிடித்து வெளுத்துப் போதல் – இவை பால் ஒத்துக்கொள்ளாமையால் வருபவை அல்ல. குடல் காசநோய் போன்றவை இப்படித்தான் ஆரம்பிக்கும். பாலை இரண்டு வாரம் நிறுத்தியும் குணமாகாதவரும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாய் பால் பட்டதும் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் அது வேறு. அது பால் ஒவ்வாமை. சிறு குழந்தைகளுக்கே பெரும்பாலும் வரும். அதற்கு அளவுக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

டாக்டரிடம் வரும்போது நீங்கள் எழுதி வைத்த நோட்டையும், சாப்பிட்டு வரும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள். கணவனுக்கு நோய் என்றாலும் மனைவியும், மனைவிக்கு என்றாலும் கணவனும் கூட வாருங்கள். என்ன சாப்பிட்டோம் என்பது சாப்பிட்டவரைவிடப் பரிமாறியவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.